கணிப்பொறி வழி வெப்பநிலை அளத்தல்

முன்னுரை

அளவு இல்லையேல் அறிவியல் இல்லை. கையால் தொட்டுச் 'சூடு' என்றும் 'குளிர்ச்சி' என்றும் சொல்வது அனுபவம். அதையே எண்ணால் சொல்வது அறிவியல். ஆனால், கருவி காட்டும் எண்ணெல்லாம் அளவு ஆகிவிடுமா? யுஎஸ்பி வெப்பநிலை உணரி ஒன்றை லினக்ஸ் கணிப்பொறியில் இயக்கியபோது நான் அறிந்தவற்றைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன்.

தேவை

எங்கள் தாவரவியல் துறையில் ஒரு திசு வளர்ப்பு அறை உண்டு. செடியின் சிறு துண்டுகள் அங்கே கண்ணாடிக் குடுவைகளில், ஊட்டக் கூழின்மீது வளர்கின்றன. அறையின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 2 பாகைக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இரவில் மின்சாரம் தடைப்பட்டு, குளிர்சாதனப் பொறி மீண்டும் ஓடாமல் போனால் பல மாத உழைப்பு வீணாகிவிடும். சுவரில் தொங்கும் வெப்பமானியை நள்ளிரவில் யார் பார்ப்பது? தானே அளந்து, தானே குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டியிருந்தது. அதற்காக 'டெம்பர்' என்னும் விரல் நீள உணரியை எடுத்துக்கொண்டேன்.

கருவியை அடையாளம் காணல்

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு தோன்றிய யூனிக்ஸ், கருவிகளையும் கோப்புகளாகவே பாவிக்கும் இயல்புடையது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அம்மரபையே பின்பற்றுகிறது. ஆகவே, உணரியுடன் பேசுவது என்பது ஒரு கோப்பில் எழுதுவதும் அதிலிருந்து படிப்பதுமே ஆகும்.

உணரியைச் செருகியதும் 'எல்எஸ்யுஎஸ்பி' என்னும் கட்டளையை இட்டால், இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என இரண்டு உண்டு. நான் கையாண்ட உணரிக்கு அவை 0சி45, 7401 ஆகும். உறையின் தோற்றத்தை நம்பலாகாது. ஒரே தோற்றமுள்ள உணரிகளின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு. அவற்றின் பேச்சு முறையும் வேறுபடும். எண்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விந்தை என்னவெனில், இவ்வுணரி தன்னை விசைப்பலகை இனத்தைச் சேர்ந்ததாகவே கணிப்பொறியிடம் அறிமுகம் செய்துகொள்கிறது. அதற்கு இரண்டு இடைமுகங்கள் உண்டு. முதலாவது விசைப்பலகை போன்றது. இரண்டாவதே நமக்கு உதவுவது. 'டெவ்' என்னும் அடைவில் 'ஹிட்ரா' என்ற பெயரும் ஒரு வரிசை எண்ணும் கொண்ட இரு கோப்புகள் தோன்றும். அவ்வரிசை எண் செருகும் முறைக்கேற்ப மாறக்கூடியது. ஆகையால் வரிசை எண்ணை நம்பாமல், இடைமுகத்தைக் கொண்டே கோப்பைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

இசைவு பெறுதல்

அடுத்த தடை இசைவு. இக்கோப்புகளைப் பொதுவாகத் தலைமைப் பயனர் மட்டுமே திறக்க இயலும். அதற்காக எந்நேரமும் தலைமைப் பயனராகவே வேலை செய்வது, ஒரு பெட்டியைத் திறப்பதற்காக வீட்டின் சாவிக்கொத்தையே கொடுத்துவிடுவது போன்றது. 'யுடெவ்' என்னும் அமைப்பில், மேற்சொன்ன இரு எண்களும் உடைய கருவியை இன்ன குழுவினர் பயன்படுத்தலாம் என ஒரு வரி விதி எழுதி, உணரியை எடுத்து மீண்டும் செருகினால் போதும். படிக்கும் இசைவோடு எழுதும் இசைவும் தேவை. ஏனெனில், கேட்டால்தான் இவ்வுணரி சொல்லும். ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்திலோ, 'யுகோல்ட்' என்ற இயக்கி இவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது.

எண்ணின் பொருள்

இனிக் கேட்க வேண்டியதுதான். 01, 80, 33, 01, 00, 00, 00, 00 என்ற எட்டு பைட்டுகளை எழுதினால், எட்டு பைட்டுகள் விடையாக வரும். அவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் வெப்பநிலையைக் குறிப்பவை. அவை 17, 40 என வந்தன என்று கொள்வோம். வெப்பநிலை 17.40 பாகையா? அன்று. இவை பதினாறடிமான எண்கள். 17 என்பது 16ஐயும் 7ஐயும் கூட்டிய 23. 40 என்பது நான்கு பதினாறுகள், அதாவது 64. அதை 256ஆல் வகுத்தால் 0.25. ஆகவே, உண்மை வெப்பநிலை 23.25 பாகை.

இது வெறும் கணக்கு நுட்பம் அன்று. குளிர்சாதனம் நின்று அறை 37 பாகைக்கு ஏறிவிட்டது என வைத்துக்கொள்வோம். 37ஐப் பதினாறடிமானத்தில் எழுதினால் 25! இருக்க வேண்டிய வெப்பநிலையே திரையில் தெரியும். குடுவைக்குள் செடியோ வாடிக்கொண்டிருக்கும். அபத்தமான எண் வந்தால் உடனே ஐயுறுவோம். நம்பத்தக்க தோற்றமுள்ள தவறான எண்ணே மிகவும் ஆபத்தானது.

உறைநிலைக்குக் கீழே அளப்போர்க்கு இன்னொரு எச்சரிக்கை. இவ்விரு பைட்டுகளையும் குறியுள்ள எண்ணாகக் கொள்ள வேண்டும். இல்லையேல் −1 பாகை, 255 பாகையாகத் தோன்றும்.

சரிபார்த்தல்

கணக்குச் சரியானாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். கணிப்பொறியில் நேரே செருகிய உணரி, அறையின் வெப்பத்தோடு கணிப்பொறியின் வெப்பத்தையும் சேர்த்தே சொல்லும். எனவே, நீட்டிப்புக் கம்பி ஒன்றால் அதைக் குடுவைகளின் அருகே வைத்தேன். பக்கத்தில் ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்றையும் வைத்து, காலையிலும் பிற்பகலிலும் ஒப்பிட்டேன். இரு வேளையிலும் வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மாறிக்கொண்டிருந்தால் காரணம் தேட வேண்டும்.

பின்னர் 'கிரான்' என்னும் கால அட்டவணை நிரலின் வாயிலாக, 5 நிமிடத்துக்கு ஒரு முறை நாளும் நேரமும் வெப்பநிலையும் ஒரு கோப்பில் பதிவாகும்படி செய்தேன். மின்கலம் உள்ள மடிக்கணினியாயின் மின்தடையிலும் பதிவு தொடரும். மின்கலமும் தீர்ந்துவிட்டால் வரிசையில் ஓர் இடைவெளி விழும். எத்தனை மணிக்கு நின்றது என்பதற்கு அவ்விடைவெளியே சான்று.

முடிவுரை

கருவியை அடையாளம் கண்டு, இசைவு பெற்று, எண்ணின் பொருள் உணர்ந்து, வேறொரு கருவியோடு ஒப்பிட்ட பின்னரே திரையில் தெரியும் எண் வெப்பநிலை ஆகிறது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் எண்ணே. செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு விடையை எழுதுமுன், 'இவ்வெண் எவ்வாறு வந்தது?' என மாணவ நண்பர்கள் தம்மையே கேட்டுக்கொள்வார்களாக. அப்பழக்கம் வந்துவிட்டால், எந்தக் கருவியும் நம்மை ஏமாற்றுவது அரிது.