நினைவகம் கசிவது ஏன்?

நிரல் ஒன்று இயங்கக் கணிப்பொறியின் நினைவகத்தில் இடம் வேண்டும். வேலை முடிந்ததும் அவ்விடத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் அது எவருக்கும் பயன்படாமல் முடங்கிவிடும். இதுவே நினைவகக் கசிவு.

போஸ்ட்கிரெஸ் என்பது தகவல்களைச் சேமித்துத் தரும் தரவுத்தள மென்பொருள். 1986இல் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. புதிய வசதிகளைச் சி மொழியில் எழுதி இதனுடன் இணைக்கலாம். இவை நீட்சிகள் எனப்படும்.

ஒரு நீட்சி, படிக்கும் பதிவு ஒவ்வொன்றுக்கும் 100 பைட்டை இழப்பதாகக் கொள்வோம். 10 லட்சம் பதிவுகளைப் படித்து முடிக்கையில் 10 கோடி பைட்டு போய்விடும்!

சி மொழியில் 'மாலாக்' இடத்தைப் பெறும். 'ஃப்ரீ' திருப்பித் தரும். ஆனால் நடுவில் பிழை நேர்ந்தால், போஸ்ட்கிரெஸ் அந்த வேலையை அங்கேயே விட்டு வெளியே தாவிவிடும். 'ஃப்ரீ' என்ற வரி இயங்கவே இயங்காது. இடம் கசிந்துவிடும்.

இதற்கு மாற்று 'பாலாக்'. இது தரும் இடமெல்லாம் ஏதேனும் ஒரு 'நினைவகச் சூழலை'ச் சேர்ந்திருக்கும். பந்தி முடிந்ததும் எல்லா இலைகளையும் ஒருசேர எடுப்பதில்லையா? அதுபோலச் சூழல் கலைக்கப்படும்போது அதிலுள்ள இடம் முழுவதும் விடுபடும். வேலை பிழையால் நின்றாலும் அதற்குரிய சூழல் கலைக்கப்படும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. சில சூழல்கள், பயனரின் இணைப்பு முடியும்வரை நீடிப்பவை. ஒரு பதிவுக்கு மட்டும் வேண்டிய இடத்தை அங்கே பெற்றால் 'பாலாக்'கும் கசியும். ஆகவே, 'எவ்வளவு இடம் வேண்டும்?' என்பதோடு, 'எதுவரை வேண்டும்?' என்றும் நிரல் எழுதுபவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.