துறுதுறுப்பு மிகுந்த சிறு பிள்ளைகளுக்கு எந்த மருந்து?



ஆலயத்தில் ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைக் கண்டால், "வளர்ப்பு சரியில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு. இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, தாயின் குற்றமல்ல. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருந்து தரலாமா? தந்தால் எதைத் தருவது? இம்முறை இதைப் படிப்போம்.

முதற்படி மருந்தல்ல, பெற்றோருக்கான பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நான்கு, ஐந்து வயதினருக்கு இதையே முதலில் வைக்கிறது. கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லுதல், நல்ல செயலை உடனே பாராட்டுதல், அன்றாட ஒழுங்கை மாற்றாதிருத்தல் ஆகியவை இதில் அடங்கும்.

இது போதாதபோது மீதைல்பெனிடேட் என்னும் மருந்து வருகிறது. மூன்று முதல் ஐந்தரை வயதுள்ள பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. மருந்து பலனளித்தது, ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவுக்கு அல்ல. பக்கவிளைவுகளால் 11 சதவீதம் பேர் நிறுத்தினார்கள். உயரமும் எடையும் கூடுவது சற்றுக் குறைந்தது.

மற்றொரு வகை குவான்பசின், குளோனிடின். இவை முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்துகள். 497 சிறு பிள்ளைகளின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான அறிக்கையில், இவற்றால் 66 சதவீதம் பேரும், மீதைல்பெனிடேட் போன்ற ஊக்கி மருந்துகளால் 78 சதவீதம் பேரும் முன்னேறினார்கள். பகல் தூக்கம் முதல் வகையில் 38 சதவீதம், ஊக்கிகளில் 3. பசிக்குறைவோ முதல் வகையில் 7, ஊக்கிகளில் 38. எரிச்சலும் ஊக்கிகளிலேயே அதிகம். இது பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வு. ஆகையால் எது வென்றது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

எனவே, "எது சிறந்தது?" என்பதைவிட "இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும்?" என்பதே சரியான கேள்வி. ஏற்கெனவே சாப்பிட மறுக்கும் மெலிந்த பிள்ளைக்கும், நன்றாக உண்டு இரவில் உறங்காத பிள்ளைக்கும் விடை வேறாகலாம். எதுவானாலும் குறைந்த அளவில் தொடங்கி, உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்து வரவேண்டும். குவான்பசினையும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்தலாகாது; இரத்த அழுத்தம் சட்டென்று ஏறக்கூடும்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயைக் கண்டால் அறிவுரை சொல்லாதிருப்போம். பிள்ளையை அரைமணி நேரம் நாம் பார்த்துக்கொள்வோம். எந்த மருந்தோடும் அது சேர்ந்துபோகும்.