கழகச் செயலாளராகிவிட்ட தம்பிக்கு



பொதுக்கூட்டத்தில் உம்மைச் செயலாளராகத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்று அறிந்தேன். உதைபந்தாட்டப் பயிற்சியும் உம்முடைய பொறுப்புத்தானாம், கலைவிழாவும் உம்முடைய தலையில்தானாம். நம்முடைய ஸ்கந்தபுரத்தில் அப்படித்தான் நடக்கும். பந்து அடிக்கத் தெரிந்தவனிடமே மேடைக்குத் திரை கட்டும் வேலையும் வந்து சேரும். உம்முடைய கடிதத்தில் பல விசயம் கேட்டிருந்தாலும் கேள்வி ஒன்றுதான். கூத்தையும் சுற்றுலாவையும் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்து, அந்தக் காசில் வெளியிலிருந்து நாலு நல்ல விளையாட்டுக்காரரை இறக்கி, ஒரு கிண்ணமாவது தூக்கினால் என்ன என்கிறீர்.

வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் எந்த ஊரைக் கிளறினாலும் வந்தவர்களின் கதைதான். காணி கிடைக்குமென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப் பக்கமிருந்தும் வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு நடந்து வந்து பிறகு திரும்பாதவர்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தபோது மாவட்டக் கச்சேரி முதலாக எல்லாம் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் வந்து சேர்ந்தன; ஊர் கொஞ்சக் காலம் நகரமாக இருந்தது. 2008இல் அந்த ஊரும் மூட்டை கட்டியது. முகாம்களிலிருந்து திரும்பி வந்து பற்றை வெட்டியபோது பக்கத்து வளவில் யார் இருக்கிறார்கள் என்றே பலருக்குத் தெரியாது. கோயில் ஆளுக்கொன்று, சொந்தம் ஆளுக்கொரு திசை. எல்லா வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து நின்ற இடமென்றால் பந்து அடிக்கும் வெட்டை ஒன்றுதான். கழகம் இருப்பது அதற்காக. நாலு பேரை வாடகைக்கு இறக்கினால் நாலு ஊர்ப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே குந்தியிருப்பார்கள். இறக்கிய அந்த நாலு பேரும் அடுத்த மாதம் வரமாட்டார்கள். அவர்களின் தாய்மார் சிரமதானத்துக்கும் வரமாட்டார்கள்.

காசுக்கு ஆடுவதை நான் பிழை சொல்லவில்லை. 2018இல் வடக்கு கிழக்கு பிறீமியர் லீக் தொடங்கியபோது மாவட்டப் பெயர்களோடு அணிகள் இறங்கின. அங்கே திறமைக்குக் காசு கிடைத்தால் நல்லதுதான். நம்முடைய பெடியன் ஒருவன் அப்படி ஒரு அணிக்குப் போனால் மாலை போட்டு அனுப்பும். ஆனால் அது வேறு தொழில். ஊர்க் கழகத்தை அதன் சின்னப் பதிப்பாக்கப் பார்க்கக் கூடாது.

அயர்லாந்தில் இருக்கும் நம்முடைய ஊர்ப் பிள்ளை ஒருவர் போன முறை வந்திருந்தபோது அந்த நாட்டுக் கழகங்களைப் பற்றி விடியவிடியச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேடி வாசித்தேன். 1884இல் தேர்ள்ஸ் என்ற சிறு பட்டினத்து ஹோட்டல் ஒன்றில் கூடிய சிலர் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்று அந்தத் தீவு முழுக்கப் பரந்திருக்கிறது. அவர்களுடைய உதைபந்தாட்டம் வேறு மாதிரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர், பந்தைக் கையாலும் எடுக்கலாம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. எந்தத் தேவாலயப் பங்கில் பிறந்து வளர்ந்தானோ அந்தப் பங்கின் கழகத்துக்குத்தான் பெரும்பாலும் ஒருவன் ஆடுவான். டப்ளின் குரோக் பார்க் மைதானம் எண்பத்திரண்டாயிரம் பேர் கொள்ளும். அது நிறைந்த இறுதியாட்டத்தில் ஆடியவனுக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவான், அல்லது மாடு பார்க்கப் போவான்.

உமக்கு முக்கியமான சங்கதி இனித்தான். அதே சங்கம் 1969இல் ‘ஸ்கோர்’ என்றொரு போட்டியைத் தொடங்கியது. மைதானம் ஓய்ந்து கிடக்கும் காலத்தில் கழகங்கள் நடனம், தனிப்பாட்டு, கதை சொல்லல், வாத்தியம், வினாவிடை என்று ஒன்றோடொன்று மோதும். கோடையில் பந்தோடு போன ஊருக்கே மாரியில் பாட்டோடு போகிறார்கள். பந்து அடிக்கத் தெரியாதவனும் கழகத்துக்காக ஊர் தாண்டிப் போகலாம். நீர் நிறுத்திவைக்கலாமா என்று கேட்பதை அவர்கள் விதி எழுதி நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்குப் போவானேன். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தைப் பாரும். குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ் என்று உதைபந்தாட்டத்தில் பெயரெடுத்த கழகங்கள் இருக்கும் கடற்கரைகள்தான் தென்மோடிக் கூத்தையும் கைவிடாமல் வைத்திருந்தவை. இது தற்செயலாக வந்ததென்று நான் நம்பவில்லை. சேர்ந்து வலை இழுக்கிற ஊருக்குச் சேர்ந்து பாடவும் வரும், சேர்ந்து பந்து அடிக்கவும் வரும். வயல் ஊருக்கு அது தானாக வராது. நாம் கட்டி எழுப்பவேண்டியிருக்கிறது.

நம்முடைய பக்கத்துக் காத்தவராயன் கூத்தையே எடுத்துக்கொள்ளும். காத்தானாக ஒருவனே விடியவிடிய நிற்பதில்லை. ஒருவன் விட்ட இடத்தில் அடுத்தவன் காத்தானாக வருவான்; சனமும் ஏற்றுக்கொள்ளும். பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டால் சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிற உம்முடைய முன்கள வீரனைப் பற்றி எழுதியிருந்தீர். அவனை ஒருமுறை கூத்தில் போடும். முதற் பாதி வேடத்தைக் கொடுத்துவிட்டு, மிச்ச இரவு முழுக்கப் பிற்பாட்டுப் பாடவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எந்தப் பயிற்றுநரையும்விடக் கண்டிப்பானவர், ஆனால் சின்ன வேடக்காரனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தை நீரும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வெளியூர் ஆட்டம். ஒரு கழகத்தின் தரம் அங்கேதான் தெரியும் என்பேன். வானில் பதினொரு பேருக்கும் மாற்று ஆட்களுக்கும் இடம் பார்த்தபிறகு, இரண்டு இருக்கையை ஆடாதவர்களுக்கு ஒதுக்கும். ஒன்று ஒரு பெரியவருக்கு, மற்றது அடுத்த வருடம் அணிக்கு வரப்போகிற ஒரு பொடியனுக்கு. முறிகண்டியில் எப்படியும் இறங்குவீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த றைவரும் தாண்டமாட்டார், கச்சான் வாங்காமல் பெடியள் ஏறமாட்டார்கள். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் புறப்பாட்டைக் கணக்குப் பார்க்கவேண்டும். போய்ச் சேர்ந்தவுடன் சப்பாத்துக் கட்ட ஓடவேண்டாம். நம்முடைய பக்கத்தில் அநேகமாக எல்லாச் சுற்றுப்போட்டியும் யாரோ ஒருவருடைய ஞாபகார்த்தக் கிண்ணம். மாலை போட்ட படம் ஒன்று மேசையில் இருக்கும், முன்வரிசைக் கதிரையில் ஒரு தாய் இருப்பார். அந்தப் படத்தில் இருப்பவர் யார், என்ன வயது, கடலில் போனவரா, விபத்தில் போனவரா, யுத்தத்தில் போனவரா என்று போகுமுன்பே விசாரித்து அணிக்குச் சொல்லும். முதலில் பூப் போடட்டும். தோற்றாலும் கிண்ணம் கொடுக்கும்வரை நிற்கவேண்டும். தோற்ற கோபத்தில் வானை எடுத்துக்கொண்டு வருகிற அணியை அந்தத் தாய் மறக்கமாட்டார். அயர்லாந்துக்காரருக்கும் இது தெரியும். 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் திப்பரெரி அணி வீரர் மைக்கல் ஹோகன். அந்த மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அவருடைய பெயர்தான். இறுதியாட்டக் கிண்ணத்தை அங்கே ஏறி நின்றுதான் தூக்குகிறார்கள்.

ஒலிவாங்கியை யாரிடம் கொடுக்கிறீர் என்பதிலும் கவனமாக இரும். நம்முடைய போட்டிகளில் பாதி அழகு அறிவிப்பாளரால் வருவது. பாதிச் சண்டையும் அவராலேயே வருவது. எதிரணியின் பந்துக்காப்பாளர் ஒரு பந்தை நழுவவிட்டால் அதைப் பகிடியாக்கி மூன்று முறை சொல்கிறவருக்கு அடுத்த முறை இடம் கொடுக்கவேண்டாம். எதிரணி வீரனின் பெயரையும் கேட்டு எழுதிவைத்துச் சொல்கிற ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியும். கலைவிழாவையும் அந்தப் பிள்ளையே நடத்தட்டும்.

காலம் பார்ப்பதை நீர் வயலிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும். பெரும்போகம் அறுத்து முடியும்வரை பெடியள் பயிற்சிக்கு ஒழுங்காக வரமாட்டார்கள், அதற்காக அபராதம் போடுவது விசர்வேலை. மாரியில் வெட்டை குளமாகும். சோளகம் வீசத் தொடங்கினால் உயரப் பந்து போட்ட இடத்தில் விழாது, நிலத்தோடு கொடுத்து ஆடப் பழக்கும். மாரி இருட்டுத்தான் கூத்துப் பழகுவதற்கான நேரம். கொழும்பில் நடப்பதைப் பார்த்து நாட்காட்டி போடவும் வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட்வரை ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி வைத்திருந்தது; ஊர் வெட்டைகளில் பின்னேரப் பந்து அதற்காக நின்றதாக நான் காணவில்லை.

வெளிநாட்டுக் காசு வரும். வாங்கும், பற்றுச்சீட்டு அனுப்பும். ஆனால் அனுப்பியவரின் படத்தை ரீசேட்டில் அடிக்கச் சொன்னால் மரியாதையாக மறுக்கலாம். விளக்குக் கம்பமோ வலையோ கேளும். அவை பத்து வருடம் நிற்கும்.

பெண்பிள்ளைகளின் அணி பற்றி நீர் ஒரு வரிதான் எழுதியிருந்தீர், அதுவும் ‘பார்க்கலாம்’ என்று. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் தேசிய மட்டத்தில் சம்பியனாக வந்ததை நீர் அறிவீர். 1910இல் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய பாவலர் துரையப்பாபிள்ளை நாடகம் எழுதியவர், கவிஞர். கலையும் பந்தும் ஒரே வளவில் வளரலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. நம்முடைய பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு எத்தனை பெண்பிள்ளைகள் விடிய எழும்பிப் போகிறார்கள். அந்த வேலைக்கு அனுப்பத் துணிந்த ஊர், பின்னேரம் பந்து அடிக்க அனுப்புவதற்கு யோசிக்கிறதென்றால் யோசனையில்தான் பிழை. தைரியமாகக் கேளும். முதலில் வேறு நேரம், பக்கத்தில் ஒரு ஆசிரியை, அவ்வளவுதான் தேவை.

முல்லைத்தீவுப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர். முள்ளியவளையில் சிநேகபூர்வ ஆட்டம், பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில் என்ற திட்டம் நல்லது. மாங்குளத்தில் திரும்பினால் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் பார்க்கலாம். வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கல் நாளில் போகவேண்டாம், சனத்துக்குள் பெடியளைத் தேடுவதே வேலையாகப் போய்விடும். ஒரு கிழமை தள்ளிப் போனால் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழமையைப் பற்றிக் கோயிலடியில் ஆறுதலாகக் கேட்கலாம். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பாட்டுத் தெரிந்த பெரியவர் யாராவது ஒரு மணித்தியாலம் பாடிக்காட்டுவாரா என்று அந்தக் கழகத்தாரிடம் இப்போதே கேட்டு வையும். பதிலுக்கு நாமும் ஏதாவது பாடவேண்டிவரும், ஆயத்தமாகப் போகவேண்டும்.

அங்கேயிருந்து வட்டுவாகல் பாலம் கிட்ட. பெடியள் போகக் கேட்பார்கள். உம்முடைய அணியில் சிலர் யுத்தம் முடிந்த 2009 மே மாதம் தாயின் இடுப்பிலிருந்து அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள். அவர்களுக்கு நினைவில்லை, வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள், அல்லது சொல்லாமல் விட்டிருப்பார்கள். போவதானால் வானில் வரும் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லும். பேச்சு வேண்டாம், குழுப்படம் வேண்டாம். இறங்க விருப்பமில்லாதவன் வானில் இருக்கட்டும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

வானுக்கு முற்பணம் கொடுக்குமுன் றைவர் இரவு ஓடுவாரா என்று கேளும். முறிகண்டியால் திரும்பி அக்கராயன் வரும் றோட்டில் இருட்டினால் மாடுகள் நடுவிலேயே படுத்திருக்கும். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கச் சொல்லி எழுதும். சாப்பாட்டுப் பார்சலுக்கு என்ன விலை என்று தெரிந்தால் எனக்கும் அறிவியும். இரண்டு பேருக்கான காசு நான் தருகிறேன், வீட்டில் காசு கேட்க முடியாத பெடியள் யாரென்று உமக்குத் தெரியும்.

அன்புடன்,
பழைய செயலாளர்