நிறம் தெரியாவிட்டாலும் சோதனை செய்யலாம்



அமிலம், காரம் பாடத்தில் தரம்பார்த்தல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். கூம்புக் குடுவையில் 25 கன சென்டிமீட்டர் காரக் கரைசல் இருக்கும். அதில் இரண்டு மூன்று சொட்டு மெத்தில் ஆரஞ்சு விடுவோம். மேலே பியூரெட்டில் அமிலம். "மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறியதும் நிறுத்துங்கள்" என்பார் ஆசிரியர். சற்றுத் தாமதித்தால் கரைசல் சிவந்துவிடும், அளவு தவறிவிடும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் உங்களுக்குத் தெரிவதுபோலவே பக்கத்தில் நிற்கும் நண்பருக்கும் தெரிகின்றனவா?

கண்ணுக்குள் நடப்பது என்ன?

நம் விழித்திரையில் நிறத்தை உணர மூன்று வகைக் கூம்பு உயிரணுக்கள் உள்ளன. ஒரு வகை நீண்ட அலைநீள ஒளியையும், மற்றொன்று நடுத்தர அலைநீள ஒளியையும், மூன்றாவது குறுகிய அலைநீள ஒளியையும் நன்றாக உணர்கின்றன. இம்மூன்றின் சமிக்ஞைகளையும் ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகிறது. முதல் இரு வகைகளில் ஒன்று இல்லாவிட்டாலோ மாறுபட்டிருந்தாலோ சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு மங்கிவிடும். இதை நிறக்குருடு என்கிறோம். பெயர் அப்படி இருந்தாலும், இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை.

இதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம்தான். அதில் குறை இருந்தால் ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. எனவேதான் இது ஆண்களிடையே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும், பெண்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கும் இக்குறை உண்டு. ஆசிய ஆண்களிடையே விகிதம் சற்றுக் குறைவு. ஆயினும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பள்ளியில் சிலராவது இருப்பார்கள்.

அப்படிப்பட்ட மாணவர் ஆய்வகத்தில் என்ன செய்வார்? பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். பக்கத்து மேசையின் அளவைப் பார்த்து எழுதிக்கொள்வார், அல்லது அமிலத்தைக் கூடுதலாக விட்டுவிட்டு "கவனமில்லை" என்ற பெயரை வாங்குவார். நாளடைவில், "எனக்கு வேதியியல் வராது" என்று தாமே முடிவு கட்டிவிடுவார். ஒரு சொட்டுத் திரவத்தின் நிறம், ஒருவரின் எதிர்காலப் பாடத்தேர்வையே மாற்றிவிடலாம்.

டால்டனின் கண்

அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டனை உங்களுக்குத் தெரியும். அவருக்கும் நிறக்குறை இருந்தது. 1794-ஆம் ஆண்டு, தம் சொந்தக் கண்ணைப் பற்றியே மான்செஸ்டரில் ஓர் ஆய்வுரை படித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறம் என்பது அவருடைய ஊகம். தாம் இறந்த பின் கண்ணைச் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டார். 1844-இல் அவர் இறந்ததும் சோதித்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது: நடுத்தர அலைநீள ஒளிக்குரிய மரபணு அவரிடம் இல்லை. நிறம் சரியாகத் தெரியாதவர்தான் வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர்.

நிறத்துக்கு மாற்று வழிகள்

தரம்பார்த்தலில் நாம் தேடுவது நிறத்தை அன்று. அமிலமும் காரமும் சரியாக ஈடான புள்ளியை. அதை அறிய வேறு வழிகளும் உண்டு.

1. எண்: பிஎச் மீட்டரைப் பயன்படுத்தலாம். வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் ஈடாகும் இடத்தில் எண் சட்டென்று மாறும்.

2. வெப்பம்: நடுநிலையாக்கலில் வெப்பம் வெளியாகும். பாலிஸ்டைரின் குவளையில் 25 கன சென்டிமீட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் எடுங்கள். அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 5, 5 கன சென்டிமீட்டராகச் சேர்த்துக் கலக்கி, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறியுங்கள். இரண்டின் செறிவும் லிட்டருக்கு 1 மோல் என்றால், கணக்குப்படி 25 கன சென்டிமீட்டர் அமிலம் சேரும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.8 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கும். சிறிது வெப்பம் வெளியேறுவதால் நீங்கள் காண்பது சற்றுக் குறையலாம். அதற்குமேல் சேர்க்கும் அமிலம் வினைபுரியாது. கரைசலைக் குளிர்விக்கவே செய்யும். வரைபடம் வரைந்தால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் சந்திக்கும் இடமே விடை.

3. மணம்: வெனிலா எசென்ஸில் உள்ள வெனிலின், அமிலத்தில் மணக்கும். சோடியம் ஹைட்ராக்சைடில் அது அயனியாக மாறிவிடுவதால் ஆவியாகாது, மணமும் மறைந்துவிடும். போதிய அமிலம் சேர்த்தால் மணம் திரும்பும். முடிவுப்புள்ளியை மிகத் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், பார்வையற்ற மாணவரும் அமிலம் எது, காரம் எது என்று சொல்லிவிட முடியும்.

எச்சரிக்கை: இவற்றைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே செய்யுங்கள். குவளையில் மூக்கை வைக்காமல், கையால் காற்றை விசிறி முகருங்கள்.

வெப்பமானி வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. கை நடுங்கும் மாணவர் பியூரெட்டின் குழாய்த் திருகுடன் போராட வேண்டாம். ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சால் அளந்து விடலாம். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்குச் செய்முறையை வரிக்கு ஒரு படியாக, படத்துடன் எழுதி மேசையில் ஒட்டலாம். அந்தத் தாள் குழுவில் எல்லாருக்குமே உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியது

நிறம் பிரித்தறிய முடியாதவர் நீங்கள் என்றால், செய்முறைத் தேர்வு வரை காத்திருக்காமல் இப்போதே ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் நண்பர் அப்படி என்றால், "இது என்ன நிறம் சொல்லு" என்று விளையாட்டுக்கும் சோதிக்காதீர்கள். அவர் கையிலிருந்து பியூரெட்டைப் பிடுங்கி நீங்களே செய்துவிடவும் வேண்டாம். அமிலத்தை அவர் விடட்டும். நிறம் மாறும்போது நீங்கள் சொல்லுங்கள். அளவை அவரே வாசிக்கட்டும்.

சிந்தித்துப் பாருங்கள்: மின்தடையின் மதிப்பை நிறக்கோடுகளால் குறிக்கிறோம். அந்த நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர், அதே மதிப்பை எந்தக் கருவியால் அறியலாம்? அடுத்த இயற்பியல் வகுப்பில் செய்து பாருங்கள்.