பேருந்தில் எழுதிய தொகை

அன்பு மகளே,

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்சிட் பற்றி நீ அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். பிரிட்டன் மக்கள் வாக்களித்து முடித்த பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன என்று கூகுளில் தேடினார்களாம். அதைச் சொல்லி ஒருவர் சிரிக்கிறார். முடிவு வந்த அன்று ஒன்றியம் குறித்துத் தேடப்பட்ட கேள்விகளில் அது இரண்டாவது இடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் தேடியவர்கள் எத்தனை பேர், அவர்கள் வாக்களித்தவர்களா, பள்ளிப் பிள்ளைகளா என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை. 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தவர்கள் சுமார் 3 கோடியே 35 லட்சம் பேர். ஒரு தேடல் பட்டியலை வைத்து அத்தனை பேரையும் விவரம் கெட்டவர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்களுக்குத் தகவல் கிடைக்காமல் இல்லை. அரசே 90 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்து வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பியது. கிடைத்த தகவல் எப்படிப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

விலக வேண்டும் என்றவர்களின் சிவப்புப் பேருந்தையே எடுத்துக்கொள். வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் பொது மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தொகை வெறும் கற்பனை அல்ல, அதனால்தான் அது ஆபத்தானது. பிரிட்டன் கட்டவேண்டிய பங்கை, தள்ளுபடிக்கு முன் கணக்கிட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். 1984இல் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் பணமே போகும். அப்போது அது வாரம் 25 கோடி அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் ஒரு பகுதி பிரிட்டனின் விவசாயிகளுக்கும் பின்தங்கிய வட்டாரங்களுக்கும் திரும்பி வந்தது. நாட்டின் புள்ளியியல் ஆணையம், இந்தத் தொகை மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. பேருந்து கடைசிவரை ஓடியது. மறுத்தவர்களும் அந்தத் தொகையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர் மனதில் அதுவே தங்கிவிட்டது.

ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்ற எதிர்த்தரப்பு சுத்தம் என்று நினைத்துவிடாதே. விலகினால் 2030க்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்றது அந்தத் தரப்பில் நின்ற அரசின் நிதி அமைச்சகம். கேட்பவருக்கு அது வீட்டு வருமானத்தில் விழும் துண்டு போலத்தான் படும். உண்மையில், விலகாமல் இருந்தால் எட்டக்கூடிய மொத்த உற்பத்தியில் எவ்வளவு குறையும் என்று கணித்து, அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் கருத்துக்கணிப்பு நிறுவனமான இப்சோஸ் மோரி நடத்திய ஆய்வு ஒன்றை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள்தொகையில் ஒன்றியத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். உண்மை 5 சதவீதம் அளவுதான். விலக நினைத்தவர்கள் சராசரியாக 20 என்றார்கள். நீடிக்க நினைத்தவர்கள் 10 என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே திசையில்தான் தவறியது. 51.9க்கு 48.1 சதவீத வாக்குகள் என்று நாடு இரண்டாகப் பிளந்து நின்றபோது, விவரம் தெரியாதவர்கள் எல்லாம் எதிரணியில்தான் இருக்கிறார்கள் என்று இரு பக்கமும் நம்பியதுதான் என்னை வருத்துகிறது.

வாக்கெடுப்பில் சொன்ன தவறான தகவலுக்கு வேறொரு நாடு எப்படிப் பதில் சொன்னது என்று பார். ஸ்விட்சர்லாந்தில் 2016 பிப்ரவரியில், மணமான தம்பதியர் மீதான கூடுதல் வரிச்சுமையை நீக்கும் யோசனை பொதுவாக்கெடுப்பில் 50.8 சதவீத எதிர்ப்பால் தோற்றது. இருவரும் சம்பாதிக்கும் தம்பதியரில் பாதிக்கப்படுவோர் 80,000 ஜோடி என்று அரசு மக்களிடம் சொல்லியிருந்தது. உண்மை 4,54,000 என்று பின்னர் ஒப்புக்கொண்டது. 2019இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது. சரியான தகவல் பெறுவதும் வாக்குரிமையில் அடங்கும் என்று ஒரு நீதிமன்றம் நிலைநாட்டியதில் எனக்குப் பெரிய நிறைவு.

பிரிட்டனில் அதற்கு வழியில்லை. பிரசாரத்தில் சொல்லப்படுவது மெய்யா பொய்யா என்று பார்க்கும் அதிகாரம் அங்கே தேர்தல் ஆணையத்துக்குக் கிடையாது. அந்தச் சுமை வாக்காளர் தலையில்தான் விழுந்தது. அதனால் உனக்குச் சொல்கிறேன்: ஒரு தொகை கண்ணில் பட்டால், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டார்களா, வாரக்கணக்கா ஆண்டுக்கணக்கா, எதை எதனால் வகுத்தார்கள் என்று கேள். உனக்குப் பிடித்த பக்கம் சொல்லும் தொகையிலிருந்து தொடங்கு. அதைத்தான் நாம் சரிபார்க்காமல் விடுகிறோம். நீ அனுப்பிய காணொளியில் வரும் எண்களையும் இப்படிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா