பால் ஏன் பொங்கியது?

(ஃபைப்ரோமயால்ஜியா பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு மூட்டு, தசை வலி மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாமே நார்மல். ஆனாலும் என் மனைவி தினமும் உடம்பெல்லாம் வலி என்கிறாள். மனப்பிரமையாக இருக்குமோ? (ஒரு கணவர், ஈரோடு)

இல்லை. உடம்பெல்லாம் வலிக்கும் இந்த ஃபைப்ரோமயால்ஜியாவில் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். அடுத்த ஸ்கேனுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வையுங்கள்.

கேள்வி: வயது 43. ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி மூன்று வருடமாகிறது. வலியைவிட மறதிதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பக்கம் சாம்பார், ஒரு பக்கம் பால், பிள்ளைக்குப் பாடம், காதில் போன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் செய்வேன். போன வியாழக்கிழமை நாத்தனாரிடம் பேசிக்கொண்டே நின்றேன். அரை லிட்டர் பாலும் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் தெரிந்தது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். எனக்கும் அதுதானா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

அப்படி நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. கிழமை, ஆள், பாலின் அளவு வரை எழுதியிருக்கிறீர்கள். அந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் மறந்ததையே மறந்துவிடுவார்கள். வீட்டார்தான் வந்து என்னிடம் சொல்வார்கள். தைராய்டும் பி12-ம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், போதும்.

இனி பாலுக்கு வருவோம். சிகாகோவில் ஃபிராங்க் லீவிட், ராபர்ட் காட்ஸ் என்ற இருவர் இந்த நோயுள்ளவர்களின் ஞாபகசக்தியைச் சோதித்து 2006-ல் எழுதினார்கள். கவனத்தைக் கலைக்க ஒன்றும் இல்லாதபோது பெரிய குறை தெரியவில்லை. நடுவில் வேறொன்றை நுழைத்ததும் தடுமாறினார்கள். பெட்டி ஓட்டையில்லை; உள்ளே வைக்கும் நேரத்தில் யாரோ கையைத் தட்டிவிடுகிறார்கள்.

அந்த ‘யாரோ’ பெரும்பாலும் வலிதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, அந்த நேரத்தில் மூளையைப் படமெடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். மற்றவர்களுக்கு நன்றாக அழுத்தினால்தான் விழித்துக்கொள்ளும் பகுதிகள், இவர்களுக்கு லேசாக அழுத்தியதுமே விழித்துக்கொண்டன. வலியைக் கவனிக்கும் பகுதிகளில் சில, கவனத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பவும் தேவைப்படுபவை. ஆக, நீங்கள் அடுப்படிக்குள் நுழையும்போதே ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்பார் இரண்டாவது, பால் மூன்றாவது, நாத்தனார் நாலாவது. ராத்திரி தூங்கியும் தூங்காத மாதிரி எழுந்திருப்பீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘எல்லாம் ஒரே நேரத்தில் செய்வேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கவனம் கேட்கிற இரண்டு வேலையை யார் மூளையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்துகிறது. 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் என்ற புலவர் நூறு கவனகம் (ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் அவதானம்) செய்துகாட்டி ‘சதாவதானி’ என்று பேர் வாங்கினார். அது மேடைக் கலை. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, கைத்தட்டல் உண்டு. நம் வீடுகளிலோ காலை ஐந்தரைக்கு ஒருத்தி தலையில் அவதானத்தைக் கட்டிவிட்டு, ‘பொம்பளைங்களுக்கு அது இயல்பா வரும்’ என்கிறோம். இயல்பாவது! வேறு வழியில்லாமல் பழகினீர்கள், அவ்வளவுதான். பால் காயும்வரை போனை எடுக்காதீர்கள். நாத்தனார் திரும்பக் கூப்பிடுவார்.

கேள்வி: மூளை மந்தம் தீர வல்லாரை சாப்பிடலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

துவையலாக அரைத்தால் நன்றாக இருக்கும். சாப்பிடுங்கள்.

கேள்வி: ப்ரீகாபலின் மாத்திரை ஆரம்பித்த பிறகு வலி குறைந்தது, ஆனால் தலை பஞ்சடைத்த மாதிரி இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா? (ஒரு வாசகி, மதுரை)

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், குமட்டும். சிலருக்கு அந்த மாத்திரையே மந்தத்தைக் கொடுக்கும். எழுதிக் கொடுத்தவரிடம் போய் அளவைக் குறைக்கலாமா, இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்றால் டாக்டரை மாற்றுங்கள்.

கேள்வி: வங்கியில் கேஷ் கவுன்டரில் இருக்கிறேன். எண்ணும்போது யாராவது ஏதாவது கேட்டால் கணக்கு விட்டுப்போகிறது. வேலையை விட வேண்டியிருக்குமோ? (ஒரு வாசகி, சென்னை)

வேண்டாம். கட்டை எண்ணி முடித்து, துண்டுச் சீட்டில் தொகையைக் குறித்த பிறகுதான் தலை நிமிர வேண்டும். அதுவரை யார் கூப்பிட்டாலும் ‘ஒரு நிமிஷம்’ என்று உள்ளங்கையைக் காட்டுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். முடிந்தால் கூட்டம் குறைவான நேரத்துக்குக் கவுன்டரை மாற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும்: மாலையில் நடங்கள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு 2016-ல் திருத்திய பரிந்துரையில் அழுத்திச் சொன்ன ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். முதல் மாதம் பத்து நிமிடம் நடந்தால் போதும். உடம்பு லேசாக இருக்கிறதே என்று ஒருநாள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மூன்று நாள் படுக்கையில் கிடந்து, ‘நடந்து பார்த்தேன் டாக்டர், ஒத்துவரவில்லை’ என்று மட்டும் வராதீர்கள்.