பாட்டோடு ஆங்கிலம்

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்கு இலக்கணத்தை மனப்பாடம் செய்தும் பேசும்போது நாக்கு எழவில்லையா? பாட்டைத் துணைக்கு அழையுங்கள். நூறு முறை கேட்டாலும் சலிக்காத பாடம் அது ஒன்றுதான். மலாய்ப் பாடல்களால் புகழ்பெற்ற நம் பினாங்கு ‘அலிகேட்ஸ்’ குழுவின் ஆறுமுகம் சகோதரர்கள் ஆங்கிலப் பாட்டும் பாடியவர்களே.

1. மெதுவான பாட்டாக எடுங்கள். கார்ப்பென்டர்ஸின் ‘எஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ (1973) போன்றதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.

2. வரிகளைப் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். புரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு அச்சிட்ட வரிகளோடு ஒப்பிடுங்கள். இறந்தகால வினையின் கடைசி ‘ட்’, பன்மையின் ‘ஸ்’ ஆகியவைதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பேச்சிலும் நாம் விழுங்குவது அவற்றைத்தான் என்பதால், இந்த ஒரு பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள்.

3. பாட்டிலிருந்து ஐந்தே சொல் எடுத்து, கொம்தாரில் பஸ்ஸுக்கு நிற்பது, சௌராஸ்தா சந்தையில் விலை கேட்பது என்று சொந்த வாக்கியம் எழுதுங்கள். பயன்படுத்திய சொல்தான் நிற்கும்.

4. பாட்டில் இலக்கணம் பிழையாக வருமே என்பார்கள். உண்மைதான். பீட்டில்ஸின் ‘டிக்கெட் டு ரைட்’ (1965) பாட்டில் ‘டஸின்ட்’ வரவேண்டிய இடத்தில் ‘டோன்ட்’ வருகிறது. அதற்காகப் பாட்டை ஒதுக்க வேண்டாம். அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். பிழையைக் கண்டுபிடிப்பவருக்கு விதி நன்றாகவே புரிந்துவிட்டது என்று பொருள். தேர்வுத் தாளில் மட்டும் திருத்திய வடிவத்தையே எழுதுங்கள்.